ஆணி அடிக்கக் கூடாத வீடு

“பையைத் திறம்மா” என்றார் காவலர்.

தளியைத் தாண்டி ஜவளகிரிக்குப் போகிற சாலையில், காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் எந்தப் பஸ்ஸும் அங்கே நிற்காமல் போனதில்லை. மூட்டை, கூடை, தூக்குவாளி என்று எல்லாவற்றையும் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

என் மடியில் ஒரு ரெக்ஸின் பை. மேலே ஒரு சீப்பு வாழைப்பழம், கண்ணாடி வளையல் டப்பா, இலையில் கட்டிய பூ. அடியில் துண்டில் சுற்றிய ஒரு சாமான். காவலர் பூவை எடுத்து என் கையில் கொடுத்தார், பழத்தைக் கொடுத்தார், பிறகு துண்டைப் பிரித்தார். பிடிக்க ஒரு கைப்பிடி, விரல் வைக்க ஒரு விசை, முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு மூக்கு.

அதுவரை தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்த பக்கத்து சீட்டு அம்மாள், என்னை முன்னே பின்னே பார்க்காதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இது என்னது?”

“ஓட்டை போடற மிஷினுங்க.”

“யாருக்கு ஓட்டை போட?”

“செவுத்துக்குங்க.”

கீழே இறங்கச் சொன்னார்கள். சாவடிக்குள் இருந்த பெரிய அதிகாரி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். டிரில் என்றால் அவருக்குத் தெரியும். இதில் வயரைக் காணோமே என்பதுதான் அவர் சந்தேகம். பேச்சால் ஆகாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் சாய்வுப் பலகை ஒற்றை ஸ்குரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. “ஒரு நிமிஷம் எழுந்திருங்க சார்” என்று சொல்லி, பையின் ஓரத்தில் கிடந்த ஸ்குரூவை எடுத்து, ஓட்டை போட்டு முடுக்கிவிட்டேன்.

அவர் உட்கார்ந்து, சாய்ந்து பார்த்தார். பலகை ஆடவில்லை. இது எங்கே கிடைக்கும் என்று கேட்டு, கடை இருக்கும் தெருவை எழுதி வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டார். திரும்பி ஏறினால், பஸ்ஸில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க இறங்கியிருந்தார்கள். பக்கத்து சீட்டு அம்மாள் மாப்பிள்ளைக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நான் போய்க்கொண்டிருந்தது லதாவைப் பார்க்க. கம்பெனியில் எனக்கு அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்த பெண். ஜவளகிரிக்கு முன்னாலேயே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழாவது மாதம். வளைகாப்பு நாளில் எனக்கு ஓசூரில் வேலை ஒப்புக்கொண்டாகிவிட்டது என்பதால், முன்கூட்டியே பார்த்து வளையல் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தேன். வழியில் தளியில் ஒரு வீட்டில் கொசுவலை அடிக்கிற வேலை. அதனால்தான் மிஷின் கையோடு இருந்தது.

லதா வீட்டுக்குள் போவதற்கு முன்னால், அந்த மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போனால் என் கை அரிக்கும்.

வயர் எங்கே?

அதிகாரி மட்டுமா, அந்தக் காலத்தில் அதைப் பார்த்த எல்லோருமே கேட்ட கேள்வி இது.

கம்பெனியில் எங்கள் லைனை மூடிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். டெலிபோன் பெட்டிக்கு மூடி வைத்து ஸ்குரூ முடுக்குவது என் வேலை. தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும், காற்றில் ஓடுகிற ஸ்குரூ டிரைவர். இழு, அமுக்கு, விடு. இதையே வருஷக்கணக்கில் செய்தவளுக்கு, ஸ்குரூ எப்போது பிடித்தது, எப்போது மரை போகப்போகிறது என்பதெல்லாம் மணிக்கட்டிலேயே தெரிந்துவிடும். கணக்கு முடித்து அனுப்பியபோது என்னோடு வந்தவர்கள் நகை வாங்கினார்கள், மாடு வாங்கினார்கள். நான் மிஷின் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

காரணம் கண்ணெதிரே இருந்தது. ஓசூரில் நாங்கள் குடியிருந்த மூக்கண்டப்பள்ளியில் மழைக்காலத்துக் காளான் போல வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. குடிவந்த எல்லோருக்கும் ஸ்கிரீன் ராடு மாட்ட வேண்டும், கொசுவலை அடிக்க வேண்டும், பாத்ரூமில் கண்ணாடி மாட்ட வேண்டும். இந்தச் சில்லறை வேலைக்கு ஆசாரி வரமாட்டார். எலக்ட்ரீஷியன் வருகிறேன் என்பார், அதோடு சரி. பகலில் வீட்டில் இருப்பது பெண்கள். ஒரு பெண் வந்து மாட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்கள்?

எங்கள் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் டிரைவர். டீசல் குடிக்காத எதையும் நம்பமாட்டார். வாங்குவதானால் வயர் உள்ளதாக வாங்கு, பலமாக இருக்கும், பேட்டரி என்பது டார்ச் லைட்டுக்குத்தான் லாயக்கு என்றார். பலம் விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சிக் குடிபோவது முதலில், கரண்ட் வருவது பிறகு. நல்ல நாள் பார்த்துக் குடிவந்துவிட்டு, சர்வீஸ் கனெக்‌ஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கனெக்‌ஷன் வந்த வீட்டிலும் மத்தியானம் கரண்ட் போய்விடும். பிளக் இல்லாத வீட்டில் வயரை வைத்துக்கொண்டு துணியா காயப்போடுவது?

பெங்களூர் மார்க்கெட் பக்கம், மிஷின் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு, வீட்டுக்காரரிடம் விளக்க ஆரம்பித்தார். வேண்டியது எனக்கு என்று சொன்னதும் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு மறுபடியும் அவரிடமே பேசினார்.

இருப்பதிலேயே பெரியதை எடுத்து வைத்தார். பன்னிரண்டு வோல்ட். நான் அதை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, ஸ்கிரீன் ராடு மாட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் வோல்ட்டின் மகிமையைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அதைக் கீழே வைத்துவிட்டு, ஒன்பதரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்த சின்னதைத் தூக்கிப் பிடித்தேன். வீட்டுக்காரர் சலித்துப்போய் வெளியே பீடி பிடிக்கப் போகும்வரை இறக்கவில்லை.

இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வோல்ட்டைப் பார்த்து வாங்காதே, உன் தோளைப் பார்த்து வாங்கு. கடையில் நிற்கிறவனுக்கு என்ன, வாயால் எதையும் தூக்கலாம்.

அடுத்தது பேட்டரி. ஒரு பேட்டரியோடு வரும் பெரிய மிஷினைவிட, இரண்டு பேட்டரியோடு வரும் சின்ன மிஷின் மேல். ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று வீட்டில் சார்ஜரில் உட்கார்ந்திருக்கும். அப்புறம், விசையை லேசாக அழுத்தினால் லேசாகச் சுற்ற வேண்டும். அழுத்தியதும் பேய் பிடித்த மாதிரி முழு வேகத்தில் கிளம்புகிற மிஷினைத் தொடவே தொடாதே. பிட் என்கிற துளைக்கும் கம்பியை மாட்டுகிற வாய், கையாலேயே திருகித் திறக்கிறதாக இருக்க வேண்டும். சாவி போட்டுத் திறக்கிறது என்றால் ஒருநாள் சாவி தொலையும், அன்றைக்கு மிஷினும் தொலைந்த கணக்குத்தான்.

மூக்கைச் சுற்றி எண் போட்ட ஒரு வளையம் இருக்கும். பலரும் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்ன எண்ணில் வைத்தால் ஸ்குரூ பிடித்ததும் மிஷின் தானாக டிர்ர் என்று நழுவிக்கொள்ளும். இட்லிக்கு ஆட்டும்போது மாவு பதம் வந்ததும் கை நிற்கிறதே, அது மாதிரி. அது இல்லையென்றால் மரை போய், பலகை பிளந்து, வீட்டு அம்மாள் உன்னை மறுபடி கூப்பிடவேமாட்டாள்.

சுவரைத் தட்டிப் பார்

வாங்கிவிட்டால் போதுமா? ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்று சொல்வார்கள். மிஷினைப் பழித்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒருத்தருக்கும் சுவரைத் தெரியாது.

முதலில் விரல் முட்டியால் தட்டு. பூச்சு மட்டும் நிற்கிறதா, உள்ளே செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று சத்தமே சொல்லும். ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல். ஸ்கிரீன் ராடு வருவதோ சரியாக அந்த இடத்தில்தான். அங்கே பேட்டரி டிரில்லின் பாச்சா பலிக்காது. லிண்டலுக்கு மேலே ஒரு சாண் ஏறிப் போய்ச் செங்கல்லில் துளைக்கலாம், இல்லை ஜன்னல் சட்டத்திலேயே மாட்டலாம். அதைவிட்டு அங்கேயே நின்று முக்கினால் பேட்டரிதான் காலியாகும்.

பர்கூரில் கல் குவாரியில் வேலை செய்கிற ஒருவர் சாமி படத்துக்குப் பலகை மாட்டக் கூப்பிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் வீடே கல் பலகை. சுவரும் கல், கூரையும் கல். குவாரிக்காரர் வேறெதில் கட்டுவார்? வந்தது வந்தோம் என்று வைத்து அழுத்தினேன். பிட்டின் முனை சிவந்து, நீலமாகி, மழுங்கிப் போனது. கல்லில் ஒரு பொட்டு விழுந்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். கல்லைத் துளைக்கிற மிஷின் வேறு, என் மிஷின் வேறு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? படத்தை மர ஸ்டாண்டு மேல் வைக்கச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன்.

துளைக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள், பிட் வழுக்காது. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டின் மேலும் ஒரு சுற்று டேப் சுற்று. மெதுவாக ஆரம்பி. உடம்பைச் சாய்த்துத் தள்ளாதே. மிஷின் போகிற வேகத்துக்குக் கை கூடப் போனால் போதும். நடுவில் வெளியே இழுத்துத் தூளை உதறு. கீழே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்து ஒட்டிவிட்டால் தூள் அதில் விழும். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே என்னை மறுபடி கூப்பிட்ட வீடுகள் உண்டு.

லதா தண்ணீர் குடிக்கவில்லை

லதா ஓடி வருவாள் என்று நினைத்தேன். மெல்ல நடந்து வந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. லைனில் இருந்தபோது வாய் ஓயாமல் பேசி மேஸ்திரியிடம் திட்டு வாங்கின பெண், “வாங்கக்கா” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் மாமியார் ஜெயம்மா நெடுநெடுவென்று இருந்தார். வீட்டில் கன்னடம், வெளியாட்களிடம் தமிழ், மாட்டிடம் தெலுங்கு. மாமனார் காலமாகிவிட்டார். லதாவின் புருஷன் நாகராஜ் பீன்ஸ் மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தான். புது போர்வெல்லுக்கு மோட்டார் இறக்க வந்த ஆட்கள் மாட்டுக் கொட்டகைப் பக்கமே தங்கியிருந்தார்கள். பீன்ஸ் பறிக்கிற ஆட்கள் வேறு. வீட்டைச் சுற்றி எந்நேரமும் ஆண்கள் நடமாட்டம்.

ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டார் ஜெயம்மா. களியை விழுங்கத் தண்ணீர் வேண்டாமா? நான் ஒரு சொம்பு காலி செய்துவிட்டேன். லதாவின் டம்ளர் வைத்தது வைத்தபடி இருந்தது. ஜெயம்மா இளநீர் வெட்டிக் கொடுத்தார். லதா வாயில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் எனக்குத் தள்ளினாள்.

கை கழுவுகிற சாக்கில் பின்னால் கூட்டிப் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, கொட்டகைக்கு அப்பால் தனியாக நின்ற ஒரு பாத்ரூமைக் காட்டினாள். இவளுக்காகவே கட்டியது. டவுன் பெண் வருகிறாள் என்று, பழைய வீட்டின் வேங்கை மர நிலையை எடுத்து வைத்து, கதவும் மாட்டியிருந்தார்கள். உள்தாழ்ப்பாள் மட்டும் இல்லை. யுகாதி கழிந்து வந்து போடுகிறேன் என்று தாழ்ப்பாளைக் கொடுத்துவிட்டு ஆசாரி போயிருக்கிறார். யுகாதிக்குள் லதா முழுகாமல் இருப்பது தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சுத்தியலைத் தொடவில்லை. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் அதை எழுத்துக்கு எழுத்து நடத்தினார்கள். காற்றில் விழுந்த காலண்டர்கூட மாட்டப்படாமல் ராகிக் குதிர் மேலேயே படுத்திருந்தது.

லதா உள்ளே போனால் கதவைக் கயிற்றால் கட்டிக்கொள்வாளாம். ஒருநாள் கயிறு நழுவி, மோட்டார் ஆள் ஒருவன் தெரியாமல் கதவைத் தள்ளிவிட்டான். அன்றிலிருந்து விடிவதற்கு முன் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை. பகலில் போக வேண்டி வராமல் இருக்க, தண்ணீரை நிறுத்திவிட்டாள். இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்துவிட்டது. மறுபடி வந்தால் குழந்தை மாதம் நிறையாமலே பிறந்துவிடும் என்று தேன்கனிக்கோட்டை டாக்டரம்மா எச்சரித்திருக்கிறார். காரணத்தை அவரிடமும் இவள் சொல்லவில்லை.

“தண்ணி சொம்பைப் பாத்தாலே பயமா இருக்குதுக்கா” என்றாள்.

மாமியாரிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். காலம் முழுக்கக் காட்டுப் பக்கம் போய் வந்தவங்க, இதுக்கெல்லாமா இவ்வளவு என்று கேட்டால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வேன் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். பையில் மிஷின் இருக்கிறது, வீட்டில் தாழ்ப்பாள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க முடியாதா?

அடிப்பதும் திருகுவதும்

நம் ஆசாரிகள் ஸ்குரூவைப் பாதி வரை சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, மீதியைத்தான் திருப்புவார்கள். தாழ்ப்பாள் போய் உட்காரும் குழியை உளி வைத்துத் தட்டுவார்கள். அதனால் தாழ்ப்பாள் போடுவது என்றாலே அந்த வீட்டில் அடி என்றுதான் அர்த்தம். கையாலேயே திருகலாம் என்றால், அந்த வேங்கை நிலையில் ஸ்குரூவின் கழுத்துத்தான் முறியும்.

என் மிஷினுக்கு அடியே தேவையில்லை. பெரிய வாதத்தோடுதான் ஜெயம்மாவிடம் போனேன்.

அவர் அவசரப்படாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். இது ஓட்டை போடுமா போடாதா என்றார். போடும் என்றேன். நிலையில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதானே, அடித்தால் என்ன, திருகினால் என்ன என்று கேட்டார். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்தி, நடைச் சுவரைக் காட்டினார். அதில் ஒரு மர முளை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

“நாகராஜுக்கு முன்னால எனக்கு ஒரு பொண்ணு. வயித்துல இருக்கும்போது கொழுந்தன் கயிறு மாட்ட அந்த முளையை அடிச்சான். மொத அடிக்கே எனக்குத் தூக்கிப் போட்டுச்சு. அன்னிக்கே பொறந்துட்டா. அழவே இல்லம்மா.”

மூடநம்பிக்கை என்ற சொல்லை நுனி நாக்கில் வைத்திருந்தேன். விழுங்கிவிட்டேன். அந்த முளையால்தான் நடந்ததா என்று நான் யார் சொல்ல? என் கண் கலங்கிவிட்டது. சரி, மிஷினைச் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் லதா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அத்தே, நான் பகல்ல தண்ணி குடிக்கறதில்ல. அந்த ரூமுக்குத் தாப்பா இல்ல. அதான் காய்ச்சல் வருது.”

ஜெயம்மாவின் முகத்தில் முதலில் கோபம், பிறகு கணக்குப் பார்ப்பது போல ஒரு யோசனை. டாக்டரம்மா சொன்னது அவருக்கும் தெரியும். காரணம் மட்டும் அன்றுதான் தெரிகிறது. பேரக் குழந்தையைக் காப்பாற்ற நினைத்துத் தான் காத்துவந்த காவலே அதற்கு எதிராக நின்றிருக்கிறது. அவருக்கு அது புரிவதை நான் கண்ணால் பார்த்தேன்.

மிஷினை வெறுமனே ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். போதவில்லை. வாசலில் கிடந்த பழைய நுகத்தடியில் துளைக்கச் சொன்னார். நான் ஒரு முனையில் துளைக்க, மறுமுனையில் உள்ளங்கையை அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மரத்தில் காதை வைத்துக் கேட்டார்.

“அதிருது. ஆனா தூக்கிப் போடல” என்றார்.

லதாவை அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தார். மோட்டார் ஆட்களைத் தோட்டத்துக்கு விரட்டினார். நான் பாத்ரூம் கதவில் தாழ்ப்பாளை வைத்து அளவு பார்த்து, டேப் ஒட்டி, மெல்லிய பிட்டை மாட்டி, மிஷினைத் தூக்கினேன். அவர் கையை நீட்டினார்.

“இங்க குடு. பழி வந்தா என் கைக்கு வரட்டும். உனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம்.”

கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, ஏதோ சாமியைக் கன்னடத்தில் கூப்பிட்டுவிட்டு விசையை அழுத்தினார். முதல் துளை வழுக்கிக் கோணலாகப் போனது. தள்ளாதீங்கம்மா, அது போற வேகத்துக்குப் போங்க என்றேன். மாட்டை ஓட்டினவர் அல்லவா, அடுத்த துளையிலேயே பிடிபட்டுவிட்டது. கதவில் ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வளையம் டிர்ர் என்று நழுவும்போதெல்லாம் நின்று என் முகத்தைப் பார்ப்பார். பிடித்துவிட்டது என்று தலையசைப்பேன்.

நிலையில் குழி போடுவதுதான் பாடாகிவிட்டது. வேங்கை சும்மா விடுமா? மெல்லிய பிட்டில் ஆரம்பித்து, அதைவிடத் தடித்தது, பிறகு இன்னும் தடித்தது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நடுவில் மிஷின் முனகிக்கொண்டே நின்றது. களைச்சுப் போச்சா என்று கேட்டார். வெளியூர் என்பதால் கையோடு எடுத்து வந்திருந்த இரண்டாவது பேட்டரியை மாட்டினேன். சிவப்பாக மரத்தூள் அவர் கையெல்லாம் படிந்தது. வேர்த்து ஊற்றியும் கடைசி வரை என்னிடம் தரவில்லை.

முடிவை நினைத்து யாரும் பதற வேண்டாம். லதாவுக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. மாதம் நிறைந்து பெண் பிறந்தது, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. தாழ்ப்பாளால்தான் என்று நான் பெருமை பேசமாட்டேன். மனதுக்குள் பேசிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தச் சாயங்காலம்தான்.

லதாவைக் கூட்டி வந்தோம். வெயில் இறங்காத நேரம். உள்ளே போனாள். தாழ்ப்பாள் ஏறி உட்காருகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது ஜெயம்மா சொம்போடு நின்றிருந்தார். லதா நின்றபடியே அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தாள். கழுத்தெல்லாம் நனைந்தது. ஜெயம்மா திரும்ப மொண்டு கொடுத்தார். அதையும் குடித்தாள்.

சொம்பை லதாவிடமே கொடுத்துவிட்டு ஜெயம்மா பாத்ரூமுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. எடுத்துப் பார்க்கிறார் போலிருக்கிறது, மறுபடியும் விழுந்தது. அதன் பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம்கூட இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. லதா என்னைப் பார்த்தாள். கூப்பிடலாமா என்று எனக்கும் தோன்றியது.

வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் பார்க்காமல் சொன்னார்.

“நான் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, யாரு வந்துடுவாங்களோன்னு பாத்துக்கினேதான் உக்காந்திருக்கேன். இன்னிக்கித்தான் சும்மா உக்காந்தேன்.”